லாபம், ரெண்டு, மூணு

பழைய இரும்பு வாங்குகிறவர்கள் சாமானைப் பார்த்ததும் எத்தனை கிலோ தேறும் என்று கண்ணாலேயே பார்ப்பார்கள். இவர் மட்டும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்பார்.

"இது இன்னா பண்ணும்?"

செங்கல்பட்டு பஜாரை ஒட்டிய ஒரு சந்தில் காயலான் கடை வைத்திருந்தார். கொண்டுபோனது குக்கர், மின்விசிறி, சைக்கிள் ரிம் என்றால் சிக்கல் இல்லை. வாங்கி, குவியலில் எறிவார். மாதக் கடைசியில் லாரி வந்து, உடைத்து உருக்குகிற இடத்துக்கு அள்ளிக்கொண்டு போகும். ஆனால் இன்னதென்று தெரியாத சாமான் வந்துவிட்டால் அது லாரியில் ஏறாது. அவர் முதுகுக்குப் பின்னால் சுவர் நீளத்துக்கு ஒரு மரப்பலகை அடித்திருந்தார். அதில் போய் உட்காரும். என்ன வேலை செய்யும் என்று தெரிகிறவரை உட்கார்ந்தே இருக்கும்.

பஜாரில் எல்லோரையும் போல நானும் அவரை பாய் என்றுதான் கூப்பிட்டேன். பெயர் தெரியும், எழுதப் போவதில்லை. எழுதினால், "என்னைப் பத்தி இன்னா தெரியும்னு எய்துனீங்க?" என்று கேட்பார். கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். அவருக்கு அப்போது ஐம்பது இருக்கலாம். என்னைவிட மூன்று வயது கூட. ஆனால் என் தலையைப் பார்த்தவர்கள் நான்தான் மூத்தவன் என்று நினைத்தார்கள்.

ஒருமுறை யாரோ ஒரு பைனாகுலர் கொண்டுவந்து போட்டார்கள். ஒரு பக்கக் கண்ணாடி நொறுங்கியிருந்தது. இன்னொரு பக்கத்தில் என்ன தெரிகிறது என்று பார்க்காமல் உடைக்க அனுப்ப அவருக்கு மனசு வரவில்லை. சந்திலிருந்து பார்த்தால் எதிர்வீட்டு மாடித் துணிதான் தெரிகிறது, அது வம்பு. பறவை வந்திருக்கிற மாதம் என்பதால் கடையை மூடிவிட்டு வேடந்தாங்கலுக்கு பஸ் ஏறிவிட்டார். ஏரிக்கரையில் ஒரு கண்ணை மூடிக்கொண்டு அரை நாள் நின்றார். திரும்பி வந்து, "கொக்கு மாரிதான் சார் கீது, ஆனா வாயி மட்டும் கரண்டி. பொய்யின்னா நீங்களே பாருங்க" என்று அந்த அரைப் பைனாகுலரை என்னிடம் நீட்டினார். நான் எதிர்வீட்டுத் துணியைப் பார்த்தேன்.

இன்னொரு தடவை ஓட்டை போட்ட ஒரு இரும்புச் சட்டம். மாமல்லபுரத்துக் கல்தச்சர் பட்டறைகளில் கேட்டால் தெரியும் என்று யாரோ சொல்ல, அங்கே போய் உட்கார்ந்து, தாடியெல்லாம் கல்தூசியோடு திரும்பினார். அது கல்லுக்கு மட்டம் பார்க்கிறதாம். மகளுக்கு மாப்பிள்ளை பேச வந்தவர்களிடமும் இதே கதைதான். "பையன் துபாய்ல இருக்காரு" என்றார்கள் அவர்கள். "இருக்காருன்றது செரி. இன்னா பண்ணுவாரு?" வந்தவர்கள் பையன் போட்டோவை எடுத்து நீட்டினார்கள். அந்தச் சம்பந்தம் அப்படியே பலகைக்குப் போய்விட்டது.

என்னையும் முதல் நாளே கேட்டார். நான் செத்துப்போன இன்வெர்ட்டர் பேட்டரியோடு போயிருந்தேன்.

"சார் எங்க வேலை பாக்கறீங்க?"

"நாவலூர்ல. கம்ப்யூட்டர்."

"கம்ப்யூட்டர்ல இன்னா பண்ணுவீங்க?"

நாவலூரில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடியில் நான் இருபது வருஷமாக இருந்தேன். மற்றவர்கள் செய்கிற வேலை சரியாக நடக்கிறதா என்று பார்க்கிறவர்களை ஒருங்கிணைப்பது என் பொறுப்பு. இதைத் தமிழில் சொல்ல முயன்றபோதுதான் அது ஒரு வேலையே இல்லையோ என்ற சந்தேகம் எனக்கு முதல்முறையாக வந்தது.

"மீட்டிங் போடுவேன்" என்றேன்.

அவர் என்னைப் பலகையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

பலகையில் அப்போதுதான் அதைக் கவனித்தேன். கறுப்பாக, ஒரு பெரிய பென்சில் டப்பா அளவில், ரப்பர் பொத்தான்களோடு ஒரு பழைய வீட்டுக் கம்ப்யூட்டர். டிவியில் மாட்டி ஓட்டுவது. டேப் ரெக்கார்டரிலிருந்து கேசட் மூலம் ஏற்றுவது. பள்ளியில் படித்தபோது ஒரு பத்திரிகை விளம்பரத்தில் பார்த்து, மூன்று மாதம் ஏங்கி, கடைசியில் அந்த விளம்பரத்தை மட்டும் வெட்டி வைத்துக்கொண்டவன் நான்.

"பாய், இதை எனக்குக் குடுத்துடுங்க."

"இது இன்னா பண்ணும்?"

"இது கம்ப்யூட்டர் பாய்."

"அது மூஞ்சப் பாத்தாலே தெரீது. இன்னா பண்ணும்?"

இருபது வருஷ அனுபவம் வாயைத் திறந்தது. ஒன்றும் வரவில்லை. அவர் கொடுக்க மறுத்துவிட்டார். "தெரிஞ்சிக்கினு வாங்க. ரெண்டு பேரும் பாப்போம்" என்றார். அப்படித்தான் எங்கள் சனிக்கிழமைகள் ஆரம்பித்தன.

காயலான் கடையில் டிவிக்கா பஞ்சம். மூன்றாவது டிவியில் படம் வந்தது. இயந்திரத்தோடு ஒரு கையேடும் வந்திருந்தது. ஆங்கிலத்தில், ஜெராக்ஸ், நடுவில் சில பக்கங்கள் இல்லை. நான் படித்துச் சொல்வேன், அவர் கேட்பார். முதலில் எளிய மொழி ஒன்றில் ஆரம்பித்தோம். 'பிரிண்ட்' என்று அடித்தால் திரையில் எழுத்து வரும் என்றேன்.

"எப்டி வரும்?"

"அது உள்ளே எழுதி வெச்சிருக்காங்க பாய்."

"யாரு?"

இது வேலைக்கு ஆகாது என்று புரிந்தது. பின்பக்கம் அசெம்ப்ளி என்று ஒரு அத்தியாயம் இருந்தது. இயந்திரத்தின் அடிமட்டத்து மொழி. ஒரு வரிக்கு ஒரு சின்ன வேலைதான். இந்த எண்ணை எடு. அங்கே வை. ஒன்று கூட்டு. பூஜ்யமா பார். ஆமென்றால் அந்த இடத்துக்குத் தாவு. அதற்குக் கீழே போக ஒன்றும் இல்லை. நான் பயந்து இருபது வருஷமாகத் தொடாத சமாசாரம். ஆபீஸில் நாங்கள் ஒரு வரி எழுதினால், யாரோ எங்கோ எழுதிய ஆயிரம் வரி அதற்குப் பின்னால் ஓடும். என்ன ஓடுகிறது என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் மீட்டிங் போடுவோம்.

பாய்க்கு இது உடனே பிடித்துவிட்டது. ஒவ்வொரு வரியும் அவருடைய கேள்விக்கு நேரடியாகப் பதில் சொன்னது. பக்கத்துக் கடையிலிருந்து முட்டை அட்டைகளை வாங்கி வந்தார். ஒவ்வொரு குழியும் இயந்திரத்தின் ஞாபகத்தில் ஒரு இடம். மூன்று காலி டீத்தூள் டப்பாக்களில் சாக்பீஸால் ஏ, பி, சி என்று எழுதினார். எண்ணுக்குப் பதில் இரும்பு நட்டுகள். வரி வரியாக விரலை நகர்த்தி, நட்டை எடுத்து டப்பாவில் போட்டு, டப்பாவிலிருந்து குழிக்கு மாற்றி, இயந்திரம் செய்யப்போவதை முதலில் அவரே செய்து பார்ப்பார். அது முடிந்தபிறகுதான் அடிக்க விடுவார். நான் அவசரப்பட்டால், "இருங்க சார், அது இன்னும் டப்பாலதான் கீது" என்பார்.

எழுதிய வரிகளை எண்களாக மாற்றித்தான் உள்ளே ஏற்ற வேண்டும். கையேட்டின் பின்னால் அட்டவணை இருந்தது. ஒன்று கூட்டு என்றால் 60. ஒன்று குறை என்றால் 61. வேலை முடிந்தது, வந்த இடத்துக்குத் திரும்பிப் போ என்றால் 201. அந்த 201-ஐக் கடைசியில் போட மறந்தால் இயந்திரம் நிற்கத் தெரியாமல் கண்ட இடத்துக்கு ஓடும். திரை முழுக்கக் கோடும் புள்ளியுமாகக் கிறுக்கிவிட்டு, எல்லாவற்றையும் மறந்து புதுசாக விழிக்கும். இரண்டு மணி நேரம் அடித்தது போச்சு. மூன்று தடவை அப்படிப் போனபிறகு இருநூத்தியொண்ணு அவர் பேச்சிலேயே ஏறிவிட்டது. கடையில் வெட்டிப்பேச்சு நீண்டால் "இருநூத்தியொண்ணு!" என்பார். பஜார்க்காரர்கள் ஏதோ கெட்ட வார்த்தை என்று நினைத்து எழுந்து போவார்கள்.

கடையில் பாதி அவருடைய மச்சானுடையது. மனைவியின் தம்பி. இவர் அவரை மச்சான் என்பார், அவரும் இவரை மச்சான் என்பார். எல்லாச் சண்டையும் மச்சானில் ஆரம்பித்து மச்சானில் முடியும். நான் இங்கே மச்சான் என்றால் அந்தத் தம்பிதான். அவருக்குப் பலகை என்றாலே ஆகாது. கடை இருந்த கட்டடத்தை இடிக்கப் போகிறோம், காலி பண்ணுங்கள் என்று உரிமையாளர் சொன்னதும் மச்சானுக்குப் புது வேகம் வந்தது. சதுரங்கப்பட்டினத்தில், கோட்டைக்குப் போகிற வழியில், புது இடம் பிடித்தார். இதில் பாதி அளவு.

ஒரு சனிக்கிழமை நானும் பாயும் முட்டை அட்டையோடு உட்கார்ந்திருந்தபோது மச்சான் வந்து நின்றார். மூட்டை தூக்குகிற கன்னியம்மா அப்போது பின்பக்கம் தகரத்தைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"மச்சான், அங்க எடமில்ல. இந்த மாசக் கடைசி லாரில இந்தப் பலகையும் போவுது."

"தெரியாத சாமான் மச்சான் அது."

"நாலு வருசமா தெரியாத சாமான் இனிமேட்டு எப்ப தெரியும்?"

"இது தெரிஞ்சிக்கினே கீது" என்று பாய் கறுப்பு டப்பாவைக் காட்டினார்.

மச்சான் திரையைப் பார்த்தார். நாங்கள் இரண்டு மாதம் பாடுபட்டு ஒரு புள்ளியை இடமிருந்து வலமாக நகர வைத்திருந்தோம். அது நகர்ந்தது.

"இதுவா? செரி, ஒரு பேச்சு. அன்னிக்கு லாரில எத்தினி மூட்ட ஏறுதுன்னு இது எண்ணிச் சொல்லட்டும். லாரி கெளம்பறதுக்குள்ள ஒரே ஒரு வேல உருப்படியா செஞ்சிச்சின்னா, இதுவும் பலகையும் நம்மளோட சதுரங்கப்பட்டினம் வருது. இல்லின்னா மொத்தமா ஒடைக்கப் போவுது. இன்னா?"

"செரி" என்றார் பாய்.

"கம்ப்யூட்டர் சாரு சாட்சி" என்றார் மச்சான். நான் மீட்டிங்கில் தலையாட்டுகிற மாதிரி தலையாட்டினேன்.

பாக்கி நான்கு சனிக்கிழமை. எண்ணுவது எளிது என்று நினைத்தேன். பாய்க்கு ஒரு நிபந்தனை இருந்தது.

"மொத மூட்டைக்கு லாபம்னு வரணும்."

நெல் அளக்கிறவர்களும் மூட்டை ஏற்றுகிறவர்களும் முதல் எண்ணை ஒன்று என்று சொல்வதில்லை. லாபம், ரெண்டு, மூணு, நாலு என்று போகும். அவர் அப்பா அப்படி எண்ணினார், கன்னியம்மா அப்படித்தான் எண்ணுவாள். "மொத மூட்டையவே ஒண்ணுன்னு ஆரம்பிச்சா வெளங்குமா சார்?" என்றார். அந்த இயந்திரம் பிறந்த நாட்டில் லாபம் உண்டு, அதற்குத் தமிழ் எழுத்து கிடையாது. ஆகவே கணக்கு நோட்டில் எட்டுக்கு எட்டுக் கட்டம் கட்டி எழுத்தை நாங்களே வரைந்தோம். 'ப' ஐந்து நிமிஷத்தில் முடிந்தது. ஆறு வரி 66, ஒரு வரி 126, ஒரு வரி காலி. தமிழில் கம்ப்யூட்டருக்கென்றே பிறந்த எழுத்து அது. 'ல' இரண்டு வாரம் உயிரை எடுத்தது. பார்க்க நத்தை மாதிரி வந்தது. கடைசியில் நத்தையாகவே விட்டுவிட்டோம்.

திட்டம் இதுதான். மூட்டை போகும்போது ஒரு பொத்தானை அழுத்துவார். முதல் மூட்டைக்குத் திரையில் 'லாபம்' வரும். அப்புறம் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒரு கட்டம் விழும். எல்லாம் முடிந்தபின் இன்னொரு பொத்தானை அழுத்தினால் அடியில் மொத்தம் வரும்.

கடைசி சனிக்கிழமை சோதித்துப் பார்த்தோம். ஐந்து தடவை அழுத்தினார். 'லாபம்', பக்கத்தில் நாலு கட்டம். மொத்தம் கேட்டோம். அடியில் 4 என்று வந்தது.

பாய் நாலு கட்டத்தையும் விரலால் தொட்டுப் பார்த்தார். நாலு கட்டம், நாலு. அவருக்குத் திருப்தி. நானும் பார்த்தேன். எங்கள் தொழிலில் எண்ணிக்கை பூஜ்யத்தில் ஆரம்பிக்கும். பூஜ்யம், ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. ஐந்தாவது நாலுதான். எனக்கும் திருப்தி. "கச்சிதமா இருக்கு பாய்" என்றேன். ஊரில் வேறு யாரை உட்கார வைத்திருந்தாலும், "அஞ்சு தடவை அழுத்தினியே, நாலுன்னு வருதே" என்று கேட்டிருப்பான்.

மறுநாள் லாரி காலையிலேயே வந்துவிட்டது. தராசுக்குப் பக்கத்தில் மேஜை போட்டு, டிவியும் கறுப்பு டப்பாவுமாக பாய் உட்கார்ந்தார். கன்னியம்மாவும் கூட இரண்டு பேரும் மூட்டை சுமந்தார்கள். எண்ணுவது கன்னியம்மா. முதல் மூட்டை வாசலைத் தாண்டும்போது "லாபம்!" என்று கத்தினாள். திரையில் நத்தையோடு லாபம் வந்தது. லாரி டிரைவர் இறங்கி வந்து பார்த்து, "தமிள்ல வருது டோய்" என்றார். பாய் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

மதியம் வெயில் உச்சிக்கு வந்தபோது மூட்டைகள் தீர்ந்தன. பலகை மட்டும் பாக்கி. கன்னியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எழுவத்திரண்டு" என்றாள்.

பாய் மொத்தத்துக்கு அழுத்தினார். 71.

மச்சான் குனிந்து பார்த்தார். "எழுவத்தொண்ணு காட்டுது."

"எழுவத்திரண்டு தம்பி. நான் எண்ணுனது தப்பாவுமா?"

"கம்ப்யூட்டர் எங்கியாவது தப்பா எண்ணுமா? நீ நடுவுல ஒண்ணத் தாண்டிட்ட, இல்லன்னா ஒரு மூட்ட எங்கியோ ஒதுங்கிக்கீது." ஒரு மாதமாக அந்த டப்பாவைக் கேலி செய்தவர், அது தன் பக்கம் பேசியதும் அதற்கு வக்கீலாகிவிட்டார்.

கன்னியம்மா இடுப்பில் கை வைத்தாள். "இன்னா சொல்ற நீ? பாஞ்சு வருசமா இந்தக் கடைல எண்றேன். ஒதுங்கிச்சா? என் பொடவைக்குள்ள ஒதுங்கிச்சா? வந்து பாக்கறியா?"

"சார், நீங்க சொல்லுங்க" என்று மச்சான் என்னிடம் திரும்பினார். "கம்ப்யூட்டர்லயே இருக்கறவரு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், தண்டனையாக இருக்கட்டும். "பொதுவா கம்ப்யூட்டர் கூட்டறதுல தப்பு வராது" என்றேன். கன்னியம்மா என்னைப் பார்த்த பார்வையை எடை போட அந்தக் கடையில் தராசு கிடையாது.

பாய் பேசாமல் இருந்தால் போதும், இயந்திரம் ஜெயித்ததாகும், பலகை பிழைக்கும். அவருக்கு அது தெரியாமல் இல்லை. நோட்டை எடுத்தார்.

"இரு மச்சான். இது இன்னா பண்ணுச்சுன்னு மொதல்ல தெரியணும்."

முட்டை அட்டையைத் தரையில் வைத்து, டப்பாக்களை வரிசை வைத்து, மூன்று நட்டை எடுத்தார். மூன்று மூட்டை. லாரி எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் அதை அணைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். பாய் விரல் நோட்டில் நகர்ந்தது.

"மொத மூட்ட வருது. லாபம் சொல்லியாச்சா? இல்ல. அப்ப லாபத்த வரை. சொல்லியாச்சுன்னு இந்தக் குழில வை. இருநூத்தியொண்ணு. திரும்பிப் போ." நிமிர்ந்தார். முதல் நட்டு இன்னும் அவர் கையிலேயே இருந்தது. "ரெண்டாவது மூட்ட. லாபம் சொல்லியாச்சா? ஆச்சு. ஒண்ணு கூட்டு." இரண்டாவது நட்டு டப்பாவில் விழுந்தது. "மூணாவது. ஒண்ணு கூட்டு." விழுந்தது.

டப்பாவில் இரண்டு நட்டு. கையில் ஒன்று. கையில் இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"லாபத்த வரைஞ்சிட்டு கூட்டாமலே திரும்பிட்டுது. நான் லாபத்த ஒரு நம்பரா நெனைக்கவே இல்ல." எழுந்து நின்றார். "கன்னிம்மா, எழுவத்திரண்டுதான். தப்பு மெஷின்து இல்ல, உன்துமில்ல. என்து. சாருக்கும் பாதி கீது."

"பாதிக்கு மேலயே" என்றேன்.

மச்சானுக்கு ஒரு கணம் என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு தெரிந்துவிட்டது. "அப்ப மெஷின் வேல செய்யல. பேச்சு பேச்சுதான் மச்சான்."

"பேச்சு பேச்சுதான்" என்றார் பாய். "ஏத்திக்க. ஆனா ஒரு அர மணி நேரம் குடு. இதச் செரி பண்ணிட்டுத் தர்றேன்."

"ஒடைக்கப் போற சாமான இன்னாத்துக்கு செரி பண்ணணும்?"

"தப்பா எண்ணுதுன்னு தெரிஞ்சே எப்டி மச்சான் அனுப்பறது? நாளைக்கு எவனாவது இது இன்னா பண்ணும்னு கேட்டா, தப்பா எண்ணும்னா சொல்லுவான்?"

டிரைவர் டீ குடிக்கப் போனார்.

கூட்டுகிற 60-ஐ முன்னால் கொண்டுவர வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அதை நுழைத்தால் பின்னால் இருக்கிற ஒவ்வொரு எண்ணும் ஒரு குழி தள்ளிப் போகும். நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன், அவர் ஆள்காட்டி விரலால் அடித்தார். பாதியில் எனக்கு உறைத்தது.

"பாய், நிறுத்துங்க. எல்லாம் தள்ளிப் போச்சுன்னா, தாவற வரியில எழுதியிருக்கிற இடமும் தள்ளிப் போகணும். ரெண்டு எடத்துல."

அவர் விரல் அந்தரத்தில் நின்றது. நோட்டைப் பார்த்தார், முட்டை அட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆமா சார்" என்றார். கம்ப்யூட்டருக்காக என் வாழ்க்கையில் நான் உருப்படியாகச் செய்த காரியம் இது ஒன்றுதான். யாரும் கைதட்டவில்லை. இரண்டு எண்ணை மாற்றினோம், கணக்கை மறுபடி பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தோம்.

பலகையை ஏற்ற ஆரம்பித்தார்கள். கன்னியம்மா ஒவ்வொரு சாமானாகத்தான் தூக்கினாள், இரண்டாகத் தூக்கவே இல்லை. வாசலுக்கு வந்து நின்று, பாய் பக்கம் திரும்பி எண்ணினாள். அரைப் பைனாகுலர் லாபம். கல்தச்சர் மட்டச் சட்டம் ரெண்டு. அடுத்து வந்தவற்றுக்குப் பெயர் கிடையாது. பற்கள் உள்ள ஒரு உருளை, மணி மாதிரி இருந்தும் அடிக்காத ஒன்று, ஒரு பக்கம் மட்டும் திறக்கிற பெட்டி. பாய் ஒவ்வொன்றையும் பார்த்தபடி பொத்தானை அழுத்தினார். பலகை வெறுமையானது.

"இருவத்தாறு" என்றாள் கன்னியம்மா.

பாய் அழுத்தினார். 26.

மிச்சம் அந்தக் கறுப்பு டப்பா ஒன்றுதான். பாய் ஒயரைப் பிடுங்கக் குனிந்தார்.

"கைய எடு பாய்" என்றாள் கன்னியம்மா. மச்சான் பக்கம் திரும்பினாள். "தம்பி, அன்னிக்கு நீ இன்னா சொன்ன? நான் பின்னாடி தகரம் கட்டிக்கினுதான் இருந்தேன், காது அடைச்சிக்கினு இல்ல. லாரி கெளம்பறதுக்குள்ள ஒரே ஒரு வேல உருப்படியா செய்யட்டும்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன். அதுக்கு?"

"லாரி நிக்குதா?"

"நிக்குது."

"டிரைவர் டீ குடிக்கிறாரா?"

"குடிக்கிறாரு."

"இருவத்தாறுன்னு நானும் எண்ணுனேன், அதுவும் எண்ணுச்சு. வேல செஞ்சிச்சா? கொஞ்ச முன்ன அது எழுவத்தொண்ணுன்னப்ப அது பேச்ச நம்பி என்னத் திருடின்னியே, இப்ப செரியாச் சொல்லும்போது மட்டும் நம்ப மாட்டியா?"

"திருடின்னு நான் சொல்லல..."

"ஒதுங்கிச்சுன்ன. அதுக்குப் பேரு இன்னா?"

மச்சான் என்னைப் பார்த்தார். "சார் சாட்சி" என்றாள் கன்னியம்மா. இந்த முறை வாயைத் திறக்கும் முன் நான் யோசித்தேன். "லாரி கிளம்பறதுக்குள்ளன்னுதான் பேச்சு" என்றேன். டீக்கடையிலிருந்து டிரைவர், "நான் இப்போதைக்குக் கெளம்பலப்பா" என்று குரல் கொடுத்தார்.

மச்சான் கைலியை மடித்துக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "மனுசன பேஜாராக்கறதுக்குன்னே பொறந்திருக்கீங்க எல்லாரும்" என்றார். பிறகு கன்னியம்மா முகத்தைப் பார்க்காமல், "அப்ப வாய் தவறிப் போச்சும்மா" என்று முனகினார். "எறக்குங்க. எறக்கித் தொலைங்க."

"எண்ணிக்கினே எறக்கறேன்" என்றாள் அவள். மறுபடி லாபம்.

இதெல்லாம் நடந்து சில வருஷங்கள் ஆகின்றன. பாய் இப்போது மகளோடு வெளியூரில் இருக்கிறார். மாப்பிள்ளை மோட்டார் காயில் கட்டுகிறவர், அதாவது என்ன பண்ணுவார் என்று சொல்ல முடிகிறவர். சதுரங்கப்பட்டினத்துக் கடையை மச்சான்தான் பார்க்கிறார். போன மாதம் போயிருந்தேன். பலகை இருக்கிறது, நீளம் கூடியிருக்கிறது. கறுப்பு டப்பா தராசுக்குப் பக்கத்தில் மூட்டை எண்ணுகிறது, மச்சான் பொத்தானை அழுத்துகிறார். சுற்றிப் பார்க்க வந்த யாரோ ஒருவர், "கம்ப்யூட்டர்னா தப்பே வராது இல்ல?" என்று கேட்டார். மச்சானுக்குக் கோபம் வந்துவிட்டது. "அப்டிலாம் வாய விடாதீங்க சார். அது இன்னா பண்ணுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

மூட்டை எண்ணிய அன்று சாயங்காலம் லாரி போனபிறகு நானும் பாயும் வெறும் கடையில் உட்கார்ந்திருந்ததைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். இறக்கிய இருபத்தாறும் தரையில் வரிசையாக இருந்தன. பாய் அந்த முதல் நட்டை இன்னும் கையில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"சார், ரொம்ப நாளா கேக்கறேன். நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"இன்னிக்குத் தப்பா எண்ணுன மெஷினைச் சரின்னு சொன்னேன் பாய்."

"அது பண்ணது. நான் கேட்டது, பண்ணுவீங்கன்னு."

"தெரியல பாய்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அதில் கேலி இல்லை, வருத்தமும் இல்லை. நட்டை டப்பாவில் போட்டுவிட்டு, "வர்ற சனிக்கெழம சதுரங்கப்பட்டினம் வந்துடுங்க. அறுபத்தொண்ணு பாக்கணும். பலகைலேந்து ஒண்ணு போச்சுன்னா கொறைக்கறது எப்டின்னு" என்றார்.

போனேன். தெரியாது என்பதற்காக அவர் எதையும் லாரியில் ஏற்றி அனுப்பியதில்லை.